புள்ளைக்கு வைத்த ஈர்க்கு

மருமகள் அம்மியில் வேர்க்கடலை அரைத்தாள். வெல்லமும் புளியும் சேர்க்கச் சொன்னேன். வாசம் எழுந்ததும் ஆம்பூரில், ஏழு வயதில் இருந்தேன்.

தோல் வியாபாரத்துக்கு ஜாவா போன என் அப்பாவின் தம்பி, சாச்சா, அங்கேயே நிக்காஹ் முடித்து, சாச்சியோடு திரும்பினார். வரும் வழியில் கப்பலில் அவர்கள் மகன் இறந்துபோனான். கடலில்தான் இறக்கினார்கள்.

வெள்ளிதோறும் சாச்சி ஆட்டுக்கறியை மசாலாவில் ஊறவைத்து, தென்னை ஈர்க்கில் கோத்துத் தணலில் சுடுவாள். தோல்ஷாப்பு வாடைக்குப் பழகிய தெருவே மூக்கை உறிஞ்சும். வேர்க்கடலைச் சட்னியில் தோய்த்த முதல் ஈர்க்கைக் கொல்லைச் சுவர்மேல் வைப்பாள். "புள்ளைக்கு" என்பாள். சாயங்காலம் வெறும் ஈர்க்குதான் கிடக்கும். "சாப்ட்டுட்டான்" என்று சிரிப்பாள்.

சாப்பிட்டது நான்.

ஒரு வெள்ளியன்று காய்ச்சலில் எழ முடியவில்லை. கறி அப்படியே கிடக்கும், சாச்சி அழுவாள் என்று பயந்து படுத்திருந்தேன். அவள் ஈர்க்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அதில் துளி கறி இல்லை. தண்ணீர் சொட்டியது.

"இன்னிக்கு நீ வரல இல்ல? அதான் அவனே வந்துட்டான்."

என் உதட்டில் விழுந்த சொட்டு உப்புக் கரித்தது.

மருமகள் சட்னியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா மாமி இது? நான் இன்னும் உப்பே போடல. இப்டி கரிக்குது!"