ஆவணிக்குத் தள்ளிய பத்திரம்

அந்த வருஷத்து டைரியில் ஆனி மாதம் முடியும் வரை என் எழுத்து ஒரே அளவில், கோட்டுக்குக் கீழே இறங்காமல் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் பக்கங்களில் அப்படி இல்லை. அடித்தல் திருத்தல் எனக்குப் பழக்கமில்லாதது. ஆபீஸில் பதினெட்டு வருஷமாக டைப்பிஸ்ட் வேலை பார்ப்பவள் நான். ஒரு காகிதத்தில் தப்பு வந்தால் ரப்பர் போட்டு அழிப்பதைவிட இன்னொரு காகிதம் எடுத்து முதலிலிருந்து அடிப்பேன்.

அப்போது நாங்கள் மாட்டுங்காவில் மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். நான், என் கணவர், எஸ்.எஸ்.ஸி. படிக்கும் பெண். செம்பூரில் ஒரு சின்னத் தனி வீடு விலைக்கு வந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஒரு குழாய், சுற்றிலும் நாலடி மண். விற்பவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்ற பாலக்காட்டுக்காரர். மனைவியுடன் ஊருக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். நாங்கள் மாமா, மாமி என்றே கூப்பிட்டோம். அக்ரிமெண்டை நானே ஆபீஸ் மெஷினில் மூன்று கார்பன் வைத்து அடித்தேன்.

அதே வாரத்தில் இன்னொரு கடிதமும் அடித்தேன். எங்கள் கட்டடத்துச் சொந்தக்காரர் ஒரு குஜராத்தி, முதல் மாடியில் இருந்தார். அவருடைய இளைய மகனுக்கு ஜனவரியில் கல்யாணம். புது மருமகளைக் குடிவைக்க எங்கள் அறைகள் வேண்டும் என்று நயமாகக் கேட்டார். தீபாவளிக்குள் காலி செய்து தருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். யாரும் எங்களை வற்புறுத்தவில்லை. செம்பூர் வீடு கையில் வந்த மாதிரிதானே என்ற தைரியம்.

வக்கீல் எங்கள் தெருவிலேயே இருந்த தமிழர். ஆனி கடைசி வாரம் அவருடைய அறையில் நாங்கள் இருவரும் மாமாவும் உட்கார்ந்திருந்தோம்.

"டிராஃப்ட் ரெடி. ஸ்டாம்ப் பேப்பர் திங்கக்கிழமை வந்துடும். அடுத்த வியாழன் பதினோரு மணிக்கு ரிஜிஸ்திரார் ஆபீஸ்லே எல்லாரும் இருக்கணும்" என்றார் வக்கீல்.

"அடுத்த வியாழன் ஆடி மூணாம் தேதின்னா?" என்றேன்.

மாமா சிரித்தார். "கேட்டேளா வக்கீல் சார்! டைப் அடிக்கற கை பஞ்சாங்கமும் பொரட்டும் போலிருக்கு."

"ஆடியிலே யாராவது வீடு வாங்குவாளா, மாமா? ஆயுசுக்கும் ஒரு வீடுதான் வாங்கப் போறோம்."

"பால் காய்ச்சறதை ஆவணியிலே வெச்சுக்கோங்கோ அம்மா. யார் வேண்டாம்னா? இது வெறும் கையெழுத்துதானே. காகிதத்துக்கு ஏது ஆடி?"

"காகிதம் இல்லேன்னா வீடு ஏது, மாமா?"

இந்தப் பதில் எனக்கு அப்போது சாமர்த்தியமாகத் தோன்றியது. டைரியில்கூட எழுதி வைத்திருக்கிறேன். என் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கைக்கு வந்ததைத் தள்ளிப் போடாதேங்கோ. நான் அவ்வளவுதான் சொல்வேன்" என்றார் வக்கீல்.

மாமா இன்னொரு முறை கேட்டார். "நான் எல்லா மூட்டையும் கட்டி வெச்சாச்சு. சீக்கிரம் முடிஞ்சா எனக்கு சௌகரியம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்கோ." அவர் குரலில் இருந்த சிரிப்பு இப்போது குறைந்திருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டுப் பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து, முன்கூட்டியே குறித்துவைத்திருந்த நாளைக் காட்டினேன். ஆவணி ஆறு, வியாழன், பத்து மணிக்கு மேல் பதினொன்றரைக்குள்.

"சரி. உங்க வீடு, உங்க நாள்" என்று குடையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

ஆடியில் ஒரு மாதம் சும்மா இருக்க எனக்கு முடியவில்லை. எந்தச் சாமான் எந்த அறையில் என்று பட்டியல் போட்டேன். ஜன்னல்களுக்குத் திரை தைக்க வேண்டும். அளவெடுக்க ஆடி இருபத்தேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, செம்பூர் போவதாக மாமிக்குக் கார்டு எழுதினேன். டைரியில் அந்த நாள் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். ஐந்து ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் உயரம், அகலம். பையில் தையல் டேப். நானும் என் கணவரும் குர்லாவில் வண்டி மாறி, பத்தேகால் மணிக்கு அந்தத் தெருவில் நுழைந்தோம்.

வாசலில் செருப்புகள் கிடந்தன. முதலில் விருந்தாளிகள் என்றுதான் நினைத்தேன். பிறகு மூங்கிலும் கயிறும் சுமந்து ஒருவர் எங்களைத் தாண்டிப் போனார். என் கணவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

காலையில் மாமா காப்பி குடித்துவிட்டுப் பேப்பரை எடுத்திருக்கிறார். மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்து நாற்காலியில். அவ்வளவுதான். மாமி எங்களைப் பார்த்ததும் அழுகையினூடே, "ஜன்னல் அளக்க வரான்னு சொல்லிண்டிருந்தாரே" என்றாள். நான் பையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

நான் குறித்திருந்த ஆவணி ஆறு அவருடைய பன்னிரண்டாம் நாள் காரியமாக அமைந்தது. பத்து மணிக்கு மேல் பதினொன்றரைக்குள் நாங்கள் அந்த வீட்டில் இருந்தோம். கூடத்து மூலையில், ஓமப்புகைக்கு நடுவே.

பதின்மூன்று கழிந்ததும் வக்கீலைப் பார்த்தோம். கல்கத்தாவில் வேலை பார்க்கும் மாமாவின் மகனும் வந்திருந்தார். வக்கீல் எங்கள் ஸ்டாம்ப் பேப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தார். விற்பவர் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டார்.

"இது இனிமே செல்லாது. உயில் இல்லே. அதனாலே அம்மா, நீங்க, உங்க தங்கை, மூணு பேரும் சேர்ந்துதான் விக்க முடியும்."

"அவளைக் கல்யாணம் பண்ணி சிங்கப்பூர் அனுப்பிச்சு ஆறு வருஷம் ஆச்சு சார். அவ கையெழுத்து எதுக்கு?" என்றார் மகன்.

"அந்தக் காலம் போயாச்சு சார். இப்போ சட்டத்திலே பொண்ணுக்கும் சமபங்கு. அவங்க போடலேன்னா இவங்க வாங்கற வீட்டிலே மூணிலே ஒரு பங்கு அந்தரத்திலே நிக்கும்."

மகன் எதிர்ப்புச் சொல்லவில்லை. நல்ல மனிதர். ஆனால் அவருடைய லீவு முடிந்துவிட்டது. "எல்லாம் சேர்ந்ததும் தந்தி அடியுங்கோ. நாலு நாள் வரேன். அம்மாவையும் அப்போ அழைச்சுண்டு போறேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினார்.

அதன்பின் எல்லாம் தபால்தான். மாமிக்குத் தமிழில் எழுதத் தெரியும், வக்கீல் கேட்கும் விவரங்களை ஆங்கிலத்தில் எழுத வராது. ஒவ்வொரு ஞாயிறும் நான் செம்பூர் போய், சிங்கப்பூர் கடிதங்களை எழுதிக் கொடுத்தேன். எங்கள் வேலைதான், உபகாரம் ஒன்றும் இல்லை. புரட்டாசி முடிவில் மகளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'அம்மாவும் அண்ணாவும் என்ன செய்தாலும் எனக்குச் சம்மதம்' என்று அழகான தமிழில் எழுதி, கீழே பக்கத்து வீட்டுக்காரர் இருவரைச் சாட்சி போட வைத்திருந்தாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. வக்கீல் படித்துவிட்டு மடித்தார்.

"பொண்ணு தங்கம். ஆனா இது லெட்டர். எனக்கு வேணும்கறது பவர் ஆஃப் அட்டார்னி. அங்கே நம்ம நாட்டு அதிகாரி முன்னாலே கையெழுத்துப் போட்டு, முத்திரை வாங்கி அனுப்பணும். அதை வெச்சுண்டு அண்ணா அவளுக்காகப் போடலாம்."

மறுபடியும் எழுதினேன். வாசகத்தை வக்கீல் சொல்லச் சொல்ல நானே அடித்து, ஒற்றைப் பிழை இல்லாமல் அனுப்பினேன். மகளுக்கு அப்போது பிரசவ காலம். குழந்தை பிறந்து வெளியே போக ஒரு மாதம் ஆகும் என்று பதில் வந்தது. அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் வந்ததை டைரியில் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நடந்தது அதுதான்.

தீபாவளி வந்து போயிற்று. வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். கோபமாகப் பேசும் மனிதர் அல்ல.

"பஹன்ஜி, ஆப் தோ லிக் கே தியா" என்றார். எழுதிக் கொடுத்தீர்களே என்றுதான் கேட்டார். நான் மார்கழிக் கடைசிக்குள் என்று புதிதாக ஒரு தேதி சொன்னேன். வாயால் சொன்னேன். இந்தத் தடவை எழுதிக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை, அவரும் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் மனைவி படியில் என்னைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதினாறு வருஷமாக எங்களுக்கு ஊறுகாய் கொடுத்தவள்.

வீட்டில் சாமான்கள் பாதி கட்டியும் பாதி கட்டாமலும் கிடந்தன. பெண் பரீட்சைக்குப் பெட்டிமேல் உட்கார்ந்து படித்தாள். ஒரு நாள் பூகோளப் புத்தகம் எந்த மூட்டையில் என்று தெரியாமல் அழுதாள். என் பட்டியலில் பார்த்துச் சொன்னேன். மூட்டையைப் பிரித்தால் அதில் இல்லை.

"எப்போம்மா போகப் போறோம்?"

"உங்கம்மாவைக் கேளு. பஞ்சாங்கம் அவகிட்டேதான் இருக்கு" என்றார் என் கணவர்.

"ஏன்னா, குழந்தை எதிர்லே குத்திக் காட்டணுமா?"

"குத்திக் காட்டலே. நிஜத்தைத்தானே சொன்னேன்."

கார்த்திகையில் ஒரு ஞாயிறு. மாமியும் நானும் கூடத்தில் இருந்தோம். சிங்கப்பூர் கடிதத்துக்கு உறை ஒட்டிக்கொண்டே, நான் பல வாரமாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன்.

"மாமி, மாமா அன்னிக்கு ரொம்ப அவசரப்பட்டாரே. ஊருக்குப் போகத்தானா?"

மாமி பசைக் கிண்ணத்தை மூடி வைத்தாள். "டாக்டர் சொல்லியிருந்தார். நெஞ்சு பலமில்லே, எதையும் தள்ளிப் போடாதேங்கோன்னு. உங்ககிட்டே சொல்லிடலாமேன்னு நான் சொன்னேன். 'வீடு வாங்கறவா பயந்துப்பா, வேண்டாம்'னுட்டார்."

மாமா அன்றே சொல்லியிருந்தால் ஆடியில் கையெழுத்துப் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்றுதான் அன்று டைரியில் எழுதினேன். மறுநாள் அதைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன். உண்மை எனக்குத் தெரியாது. நோயாளி வீடு வேண்டாம் என்றுகூட நான் சொல்லியிருக்கலாம். அவர் பயந்தது அதற்குத்தானே.

"நீங்க மனசிலே வெச்சுக்காதேங்கோ" என்றாள் மாமி. "நானும் ஆடியிலே வேண்டாம்னுதான் நெனச்சேன். வாயைத் திறந்து சொல்லலே. நீங்க சொன்னேள்."

மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் பவர் ஆஃப் அட்டார்னி வந்தது. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரி. இங்கே அதற்கு ஸ்டாம்ப் போட மூன்று நாள். கல்கத்தாவுக்குத் தந்தி அடித்தோம். மகனுக்கு நாலு நாள் லீவு. அதில் ஒன்று ஞாயிறு. ரிஜிஸ்திரார் ஆபீஸில் கிடைத்தது ஒரே நேரம்: வெள்ளிக்கிழமை, பதினோரு மணி.

வக்கீல் என்னைப் பார்த்தார். கணவரும் பார்த்தார். "சரி" என்றேன்.

வெள்ளிக்கிழமை ரிஜிஸ்திரார் ஆபீஸ் பெஞ்சில் மாமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கருகமணிகூட இல்லாத கழுத்தைப் புடவையால் மூடியிருந்தாள். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். சுவர்க் கடிகாரம் பத்து ஐம்பது காட்டியது.

"நல்ல காரியத்துக்கு நான் வந்து உக்காந்திருக்கேனே" என்றாள் மெதுவாக. "மார்கழி வேற. நேரமாவது பாத்தேளா?"

"பாக்கலே மாமி" என்றேன்.

பார்த்திருந்தேன். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்பதற்குப் பஞ்சாங்கம்கூட வேண்டாம். எனக்கு மனப்பாடம், மாமிக்கும் மனப்பாடமாகத்தான் இருந்திருக்கும். அவளும் மேலே கேட்கவில்லை. பேர் கூப்பிட்டபோது நான் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டேன். தமிழில் பேரை எழுதினாள். இடது கட்டை விரலை மையில் தோய்த்து வைத்தாள். மகன் தனக்கு ஒரு தடவையும் தங்கைக்காக ஒரு தடவையும் போட்டார். பதினொன்று நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. விரலில் இருந்த மையைத் துடைக்க அவளுக்கு என் கைக்குட்டையைக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கல்கத்தா ரயில் ஏறினார்கள். ஸ்டேஷனில் சாவியைத் தந்தபோது, "சமையலறைக் கதவு மழைக்காலத்திலே பிடிச்சுக்கும். தூக்கித் தள்ளணும்" என்றாள்.

மார்கழி முடியும்முன் நாங்கள் மாட்டுங்காவைக் காலி செய்தோம். எங்கள் சனங்கள் யாரும் செய்யாத காரியம். சாமான் ஏற்ற தாராவியிலிருந்து ஒரு திருநெல்வேலிக்காரர் லாரியோடு வந்தார். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, மார்கழில வீடு மாத்துதிய?" என்று கேட்டுவிட்டார்.

என் கணவர்தான் பதில் சொன்னார். "எங்களுக்கு இன்னும் ஆடியே முடியலைப்பா."

அந்த ஆள் புரியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். ஐந்து மாதத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான். வீட்டுக்காரர் கீழே வந்து லாரி போகும் வரை நின்றார். அவர் மனைவி வரவில்லை.

செம்பூரில் அடுப்பு மூட்டியதும் பால் வைத்தேன்.

"பால் காய்ச்சறியா? தை பொறக்கட்டும்னு சொல்வியே?" என்றார் கணவர்.

"காப்பிக்கு" என்றேன்.

சாயங்காலம் தேவ்நார் பக்கத்திலிருந்து குப்பை எரியும் வாசனை வந்தது. ஜன்னல்களைச் சாத்தினோம். திரை இல்லாததால் தெருவில் போகிறவர்கள் உள்ளே பார்த்துக்கொண்டு போனார்கள். பெண் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். டைரியில் ஆடி இருபத்தேழாம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். ஐந்து ஜன்னலுக்கும் கட்டம் அப்படியே காலியாக இருந்தது. அதில் எழுதவில்லை. அன்றைய பக்கத்தில் வேறு கட்டம் போட்டு, கிழக்கிலிருந்து ஆரம்பித்தோம். மேற்கு ஜன்னலை அளக்க நாற்காலியில் ஏற வேண்டியிருந்தது. அது மாமா பேப்பர் படித்த நாற்காலி, மாமி விட்டுப்போனது. கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்று பெண்ணிடம் சொன்னேன்.