றேடியேற்றருக்குள் போன பழப்புளி

எங்கள் கார் அளவெட்டியில் புறப்பட்டால் மருதனார்மடத்தில் கொதிக்கும். அதில் ஒருநாளும் பிழைவிடாது. சந்தையில் மரக்கறி விற்கிறவர்கள் ஆவியைக் கண்டதும் வாளியோடு வருவார்கள். என் வீட்டுக்காரர் இறங்கி நின்று, "இண்டைக்கு வெயில் கூட" என்பார். மாரி மழைக்குள்ளும் அதைத்தான் சொன்னார்.

சண்டையால் பெற்றோல் இல்லாத காலம். நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது. எல்லாக் காரும் அப்படித்தான் ஓடின. கொதித்தது எங்களுடையதுதான்.

அந்தக் கார்த்திகையில் எனக்குக் கார் வேண்டியிருந்தது. கொடிகாமத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான். எட்டாம் மாதம் தொடங்கினால் பயணம் கூடாது. அதற்குள் நல்லநாள் என்று ஒரு புதன்கிழமைதான் அகப்பட்டது. சம்பந்தி அம்மா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினா: "கார் வந்தால் வரட்டும். வராட்டி ஒண்டும் யோசிக்க வேண்டாம், பிள்ளையை நாங்கள் இஞ்சையே பாக்கிறம்."

மரியாதையான சொல்தான். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேறு கார் பிடித்திருக்கலாம். பிடித்தால், எங்கள் கார் முற்றத்தில் நிற்கிறதுக்கு மட்டும்தான் என்று ஊருக்கு நாங்களே சொன்னதாகிவிடும்.

அவர் கந்தோரில் முப்பது வருஷம் இங்கிலீசில் எழுதினவர். காரோடு வந்த இங்கிலீசுப் புத்தகத்தை எடுத்து விரித்தார். முதல் நாள் விசிறியின் பெல்ற் தளர்வு என்றார், இறுக்கினார். அடுத்த நாள், தண்ணீரை மறித்து விடுகிற ஒரு சாமான் உள்ளே இறுகிவிட்டது என்றார். கழற்றப் பார்த்தால், அதை நாலு வருஷத்துக்கு முன்னே அவரே கழற்றி எறிந்திருந்தார். பிறகு மெக்கானிக் வந்தான். காதை வைத்துக் கேட்டான்.

"மண்ணெண்ணெய்ச் சூடு, ஐயா. எஞ்சினைக் கழட்டினால்தான் தெரியும். கழட்டினால் திருப்பிப் பூட்டச் சாமான் இல்லை."

தேத்தண்ணி கொண்டுபோன நான், எஞ்சின் தண்ணீரை ஆற்றுகிற றேடியேற்றரைத் தொட்டுப் பார்த்தேன். மேலே கை வைக்க முடியவில்லை. கீழே சில்லென்றிருந்தது.

"இஞ்சாருங்கோ, இதுக்குள்ளை தண்ணி இறங்கேல்லை."

"நிறையத் தண்ணி நிக்குது. கண் தெரியேல்லையோ உமக்கு?"

"நிக்குது. ஓடேல்லை."

"எத்தினையாம் பக்கத்திலை வாசிச்சனீர்?"

எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், கடைப்பலகை எழுத்துக்கூட்டத் தெரியும். அவ்வளவுதான். கார் ஆறியபிறகு மூடியைத் திறந்து விரலை விட்டேன். வெள்ளையாகக் கல்லுப் பிடித்திருந்தது, எங்கள் கேத்திலுக்குள் இருக்கிற அதே கல். எங்கள் பக்கம் நிலத்துக்கடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். தண்ணீர் குடிக்க இனிக்கும். கொதிக்க வைத்தால் கல்லைப் பாத்திரத்தில் விட்டுவிட்டுப் போகும். கேத்திலுக்கு நான் மாதம் ஒருக்காப் பழப்புளி கரைத்துக் கொதிக்கவிடுவேன். காருக்கும் பதினைந்து வருஷமாக அதே தண்ணீரைத்தான் ஊற்றினார். கொதிக்கவும் வைத்தார். புளிதான் விடவில்லை.

"புளியோ? றேடியேற்றர்ப் பித்தளையைத் தின்னும்."

"உங்கடை அம்மா தந்த குத்துவிளக்கை இருபத்தாறு வருஷமாப் புளி போட்டு மினுக்கிறன். தின்னுதோ?"

அவர் புத்தகத்தை மூடினார்.

புளியைக் கரைத்து, பழைய வேட்டித்துண்டில் வடித்து ஊற்றினோம். எஞ்சின் ஓடிச் சூடேறியதும் நிறுத்தி, ஊறவிட்டு, மறுநாள் கீழ்த்திருகைத் திறந்தோம். சாம்பல் கஞ்சி மாதிரி வந்தது. இப்படி மூன்று தரம். மூன்றாம் தரம் வருஷத்துக்கென்று வைத்திருந்த புளிமுட்டியின் அடி தெரிந்தது. அவருக்குச் சொல்லவில்லை. நன்றாகக் கழுவி, கூரையில் பிடித்த மழைத்தண்ணீரை நிரப்பினோம். ஓடவிட்டுத் தொட்டேன். கீழ்ப்பக்கமும் இளஞ்சூடு.

புதன்கிழமை மருதனார்மடத்தில் எங்களைக் கண்டதும் வாளிக்காரர் எழும்பினார்கள். அவர் நிறுத்தவில்லை. அவர்கள் பார்க்கட்டும் என்று மெதுவாக்கினார். கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம். ஓரிடமும் ஆவி இல்லை.

சம்பந்தி அம்மா படலையில் இரண்டு வாளி தண்ணீர் நிரப்பி வைத்திருந்தா. "கார் கொதிச்சிருக்குமே. ஊத்துங்கோ."

"காருக்குத் தாகமில்லை. எனக்கு ஒரு செம்பு தாங்கோ" என்றேன்.

மகளை ஏற்றும்போது சம்பந்தி அம்மா ஒரு முட்டி பழப்புளி கொண்டுவந்து நீட்டினா. அவவின் வளவில் இரண்டு மரம். "பிள்ளைத்தாய்ச்சி, புளி கேப்பாள்."

"எங்களிட்டை வேண்டியளவு கிடக்கு" என்று சொல்லிக் காரின் கதவைச் சாத்தினேன்.

வழியில் அவர் மகளுக்கு விளங்கப்படுத்தினார். "றேடியேற்றரிலை சுண்ணாம்பு. அதுக்கு அசிட் விடவேணும். விட்டன், சரி." நான் பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் கால் கழுவியதும் மகள் குசினிக்குள் வந்தாள். "அம்மா, நல்லாப் புளி விட்டு ஒரு ரசம் வையுங்கோ. அங்கை அவையள் விடுறது காணாது. எத்தினை நாளா நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

முட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். இரண்டு கொட்டை விழுந்தன. அக்கம்பக்கத்தில் கேட்கலாம். கேட்டால் கதை வேலிக்கு வேலி போய்க் கொடிகாமத்துக்கும் போகும். அவரை மருதனார்மடச் சந்தைக்கு அனுப்பினேன். சைக்கிளில் போயிருக்கலாம். அவர் காரை எடுத்தார்.

புளியோடு திரும்பி வந்தவரின் முகம் சரியில்லை.

"நிப்பாட்டினவுடனை நாலு வாளி வந்திட்டுது. புளி வாங்க வந்தனான் எண்டன். ஒருத்தரும் நம்பேல்லை."

"ஊத்தவிட்டனீங்களோ?"

"மரியாதைக்கு ஒரு செம்பு" என்றார்.