விரலால் படித்த மனு

விழுப்புரத்தில் முப்பது வருடமாக மனு எழுதிப் பிழைக்கும் சவரிமுத்துவுக்குப் போன தை மாதம் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பிழைத்துக்கொண்டார். கை போகவில்லை, பேச்சு போகவில்லை, வாய்த்துடுக்கும் போகவில்லை. அதில்தான் அவர் மனைவி இருதயமேரிக்கு வருத்தம். படிப்பு மட்டும் போய்விட்டது. எழுதுவார், எழுதியதைப் பார்த்தால் அவருக்கே கோழி கிளறிய குப்பை மாதிரி தெரியும்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. கண்ணு பாக்குற எழுத்து மூளையில போய்ச் சேர்ற வழிதான் அறுந்துபோச்சு. எழுதச் சொல்லி கைக்கு வர்ற வழி வேற, அது நல்லா இருக்கு" என்றார் டாக்டர்.

"அறுந்த ரோட்டுக்குக் காண்ட்ராக்டர் யாருங்க?" என்று கேட்டார் சவரிமுத்து.

மறுமாதமே தாலுகா ஆபீஸ் வாசலில் பழைய மரத்தடியில் நாற்காலியைப் போட்டார். பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து முனியம்மாள் பட்டா கேட்டு மனு எழுத வந்தாள். மடமடவென்று ஒரு பக்கம் எழுதி முடித்தார். கைநாட்டு வாங்கும் முன் மனுவைப் படித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

காகிதத்தைப் பார்த்தார். குப்பைதான். சும்மா விடுவாரா? ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் மேல் வைத்து, எழுதுவது போலவே அதன் வளைவில் ஓட்டினார். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. "ஐ... யா" என்றார். அப்படியே எழுத்து எழுத்தாகத் தடவிப் பக்கத்தை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"பேஜாரு பண்ணிட்டேனாம்மா?" என்றார்.

"அதெல்லாம் இல்லீங்க" என்றாள் முனியம்மாள். "இதுக்கு முன்ன மூணு மனு குடுத்துட்டு அலைஞ்சிக்கினு கெடக்கேன். ஆபீஸ்ல கண்ணு நல்லா இருக்கிறவன் ஒருத்தனும் அத விரலால கூடத் தொடல."