சேலைக்காரரின் விசா

என் தங்கையின் கணவருக்கு வதிவிட விசா கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான். இலங்கையில் அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் படிவம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். தோட்டப் பாடசாலையில் ஆசிரியை; சிங்களமும் ஓரளவு ஆங்கிலமும் தெரியும். பின்னேரம் பாடசாலை விட்டு வந்தால் எங்கள் வீட்டு வரிசையான லயத்து வாசலில் யாராவது ஒரு கடதாசியோடு நிற்பார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி என்று எத்தனையோ நிரப்பியிருக்கிறேன். எதுவும் தவறிப்போனதில்லை. அந்தத் தைரியம்தான் எனக்கு.

அவர் இந்தியாவில் திருச்சிப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். இன்னும் இரண்டு பேரோடு சுற்றுலா விசாவில் வந்து, பண்டாரவளையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, சம்பள வாரங்களில் தோட்டம் தோட்டமாகச் சேலை விற்பார். சுற்றுலா விசாவில் வியாபாரம் செய்யக் கூடாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அப்படி வந்துபோன சேலைக்காரர்கள் நிறையப் பேர். யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை.

முதல் தடவை அவர் எங்கள் வாசலில் மூட்டையைப் பிரித்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். மலையிலிருந்து கொழுந்து எடுத்துவிட்டு வந்த தங்கை, கை காலைக்கூடக் கழுவாமல் ஒரு நீலச் சேலையை எடுத்துப் பார்த்தாள்.

"இது சாயம் போகும்."

"நனைக்காமலே எப்படிங்க சொல்றீங்க?" என்று அவர் சிரித்தார்.

அவள் முந்தானை நுனியை வாளித் தண்ணீரில் தோய்த்தாள். தண்ணீர் நீலமாகியது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தச் சேலையை மடித்துத் தனியாக வைத்தார். அன்றைக்கு எங்கள் லயத்தில் எந்த வீட்டிலும் அவர் அதை விரிக்கவில்லை. அப்பா இதைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரு தம்பி?" என்று கேட்டார். அவர் சொன்னதும் அப்பா வந்து மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெரியப்பாவை, அதாவது அப்பாவின் அண்ணனை, குடியுரிமை இல்லை என்று இந்தியாவுக்கு அனுப்பியபோது போய் இறங்கியது அந்தப் பக்கம்தான். அப்பா இளந்தாரியாக இருந்த காலத்தில் நடந்தது அது. அதன் பிறகு இரண்டு கடிதம் வந்ததாம், அவ்வளவுதான். அதையெல்லாம் அப்பா அவரிடம் சொன்னார்.

அடுத்த முறை வந்தபோது சேலைக்காரர் ஊரில் அதை விசாரித்துவிட்டு வந்திருந்தார். பெரியப்பா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் பிழைப்புத் தேடித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அன்று அப்பா அவரைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. தங்கை சோறு போட்டாள். யாரும் கேட்காமலே இரண்டாவது தடவையும் குழம்பு ஊற்றினாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அம்மா இறந்த பிறகு எங்கள் இருவரில் அவள்தான் வீட்டைத் தூக்கி நிறுத்தியவள். நான் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்து மலைக்குப் போனவள். அவள் ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டதே இல்லை. அதனால், "அக்கா, அவர எனக்குப் புடிச்சிருக்கு" என்று அவள் சொன்னபோது எனக்குச் சந்தோஷத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டினார்கள். ஆனால் பதிவுத் திருமணத்துக்கு அவர் ஏற்கெனவே கல்யாணம் ஆகாதவர் என்று ஊரிலிருந்து சான்று வர வேண்டும். பொலிஸ் அறிக்கை வர வேண்டும். வந்த சான்றில் அவருடைய அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருப்பி அனுப்பி, திருத்தி, மறுபடி வரவழைத்தோம். விசாவை ஒரு தடவை நீட்டியும் பார்த்தோம். கடைசியில் பதுளையில் பதிவு முடிந்தபோது விசா முடிய ஒன்பது நாள்தான் இருந்தது. அவர் ஊருக்குப் போய், மனைவி இலங்கையில் இருக்கிறாள் என்று காட்டி அங்கிருந்து முறைப்படி விண்ணப்பித்து வருவது என்று முடிவெடுத்தோம். டிக்கட்டும் போட்டாயிற்று.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது தங்கைக்கு இரத்தம் போனது. மூன்று மாதக் கர்ப்பம். பதுளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளை நிலைக்க வேண்டுமானால் படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். அவருடைய கூட்டாளிகள் இருவரும் ஸ்டேஷனில் கோச்சி ஏறி ஊருக்குப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. அவரைப் போகச் சொல்ல எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு சேலை மூட்டை இல்லை. விடியற்காலையில் பண்டாரவளைக்குப் போய் லொறியில் மரக்கறி மூட்டை ஏற்றுவார். தெருவில் பொலிஸ் ஜீப்பைக் கண்டால் தேயிலைக்குள் இறங்கிவிடுவார். தோட்டத்துக்காரர்கள் ஒருவரும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. புது ஆள் யாராவது வந்து விசாரித்தால், "எங்க சொந்தக்காரப் பையன், மஸ்கெலியாவிலிருந்து வந்திருக்கு" என்பார்கள். பேச்சில் யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

பெண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதியப் போன இடத்தில் தகப்பனின் கடவுச்சீட்டைக் கேட்டார்கள். அங்கிருந்த எழுதுவினைஞர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விசா முடிஞ்சு எவ்வளவு நாள்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது.

"நேரா போய்ச் சொல்லிருவோம்" என்றேன் ஒருநாள்.

"எதுக்குக்கா? இப்படியே ஒதுங்கி இருந்தா யாரு கேக்கப் போறாங்க?" என்றார் அவர்.

"நாளைக்கு புள்ளைய ஸ்கூல்ல சேக்கிறப்போ எங்க தம்பி ஒதுங்குவீங்க? கல்யாணம் பதிஞ்சிருக்கு. புள்ள இருக்கு. எல்லாமே உண்மைதானே? தண்டம் கட்டச் சொல்வாங்க, கட்டிருவோம். விசா குடுத்துருவாங்க."

பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் தங்கையின் கணவருக்குப் பழக்கம். அந்த நானா எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். "டீச்சர், மொதல்ல ஒரு லோயரப் பாருங்க. நேரா கந்தோருக்குக் கூட்டிட்டுப் போயிராதீங்க." நான் கேட்கவில்லை. படிவத்தை வாசிக்கத் தெரிந்த எனக்கு லோயர் எதற்கு என்று நினைத்தேன். நான் படித்தவள், எனக்குத் தெரியும் என்று தங்கையும் விட்டுவிட்டாள்.

கொழும்பில் குடிவரவுக் கந்தோருக்கு நான்கு பேரும் போனோம். குழந்தைக்கு எட்டு மாதம். அவர் முகம் மழித்து வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணப் பதிவுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், கோயிலில் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு கடதாசிக் கோவையில் வரிசையாக அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன்.

அங்கே எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தவர் ஒரு சிங்கள அம்மா. கடுமையானவர் இல்லை. குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். தாள்களைப் பார்த்துவிட்டு, "இவர் இங்க என்ன வேலை செஞ்சார்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

தங்கைக்கும் அவள் கணவருக்கும் சிங்களம் அவ்வளவாக வராது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் மெதுவாக, "வேல எதுவும் இல்லைன்னு சொல்லுங்கக்கா" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. மறைத்தது பிறகு தெரியவந்தால் நாங்கள் சொன்ன மற்றதெல்லாம் பொய்யாகிவிடுமே என்று பயந்தேன். "முதலில் சேலை வித்தார். இப்போ மரக்கறி லொறியில ஏத்துறார். பொண்டாட்டி புள்ளைய உழைச்சுத்தான் காப்பாத்துறார்" என்றேன். அது அவருக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுக்கும் என்றுகூட நினைத்தேன்.

அந்த அம்மா பேனாவை நிறுத்தினார். "மிஸ், நீங்க டீச்சர்தானே? நீங்க சொல்றது எல்லாத்தையும் நான் இதுல எழுதணும். தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவர் எழுதினார். பிறகு கோவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வேறு இரண்டு அலுவலர்கள் வந்தார்கள். விசா இல்லாமல் தங்கியிருந்ததும், சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்ததும் குற்றம். அவர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட வேண்டியவர். அதுவரை தடுப்பு முகாமில் இருக்க வேண்டும் என்றார்கள். மனைவியைக் காட்டி விசா கேட்பதை அவர் நாட்டுக்கு வெளியே இருந்துதான் செய்ய முடியுமாம். இதையும் நானே மொழிபெயர்த்தேன்.

அவர் குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்த சில்லறையையும் சீப்பையும் எடுத்து அவள் கையில் வைத்தார். "சாப்பிட்டுட்டுப் போங்க. புள்ளைக்குப் பசிக்கும்" என்றார். நாங்கள் மூன்று பேராக வெளியே வந்தோம்.

பத்தொன்பது நாள் முகாமில் இருந்தார். பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு, கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விட்டபோதெல்லாம் போய்ப் பார்த்தோம். குழந்தை தகப்பனைப் பார்த்ததும் தாவும். நேரம் முடிந்துவிட்டது என்றதும் அவர் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தன் சட்டையிலிருந்து பிரிப்பார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருநாள், "உங்க மேல ஒண்ணும் இல்லக்கா" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அவரை விமானத்தில் ஏற்றப்போவது எங்களுக்கு முன்கூட்டித் தெரியவில்லை. சென்னையில் இறங்கி யாருடைய போனையோ வாங்கிப் பேசினார். தங்கை சமையல் அறையில் நின்றுகொண்டு "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒனக்கு உண்மை பேசத்தான்க்கா தெரியும்" என்றாள்.

அதற்கு மேல் அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

வெளியேற்றப்பட்டவர்களின் பட்டியலில் அவர் பெயர் ஏறியிருந்தது; அது இருக்கும்வரை இலங்கை விசா கிடைக்காது. அதை நீக்கக் கேட்டு நான் கடிதம் எழுதினேன். இந்த முறை லோயரைப் பார்த்துத்தான் எழுதினேன். லயத்துக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட மனு ஒன்றும் அனுப்பினேன். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. ஒரு வருடம் கழித்து அதே பதில் மறுபடி வந்தது. குழந்தை போனில் தெரிகிற முகத்தை "அப்பா" என்று சொல்லப் பழகியது. போன் எந்தப் பக்கம் திரும்பி இருந்தாலும் அதைத் தட்டி "அப்பா" என்றது.

இரண்டாவது வருட முடிவில் தங்கை, "நான் போறேன்க்கா" என்றாள். தோட்டத்து வேலையில் பேரை வெட்டிக்கொண்டு, தனக்கும் குழந்தைக்கும் இந்தியாவுக்கு விசா எடுத்தாள். அந்தப் படிவங்களையும் நான்தான் நிரப்பினேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை அவளுக்கு வாசித்துக் காட்டி, அவள் தலையாட்டிய பிறகுதான் எழுதினேன்.

புறப்படும் நாளில் அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. "அந்த ஸ்டேஷன்லதான் எங்க அண்ணன வழியனுப்பிட்டு வந்தேன். திரும்பவும் அங்க போக என்னால முடியாது" என்றார். லயத்துப் பின்பக்கம் போய் விறகு பிளந்துகொண்டிருந்தார். தங்கை போய் அவர் காலைத் தொட்டபோதும் கோடரியைக் கீழே வைக்கவில்லை. பேத்தி கன்னத்தில் முத்தம் கொடுத்ததும்தான் வைத்தார். எங்களிடம் அன்றைக்குப் பிளப்பதற்கு அவ்வளவு விறகு இருக்கவில்லை.

இப்போது அவள் அங்கே மாமியார் வீட்டில் இருக்கிறாள். பருத்திக் காட்டு வேலையும் வீட்டு வேலையும் பழகிவிட்டாள். அங்கே அவள்தான் வெளிநாட்டுக்காரி. கணவன் இந்தியர் என்ற காரணத்தைக் காட்டித் தங்குவதற்கு அனுமதி கேட்டு, அவர் திருச்சிக்கும் மாவட்ட அலுவலகத்துக்குமாக அவளைக் கூட்டிக்கொண்டு அலைகிறார். "இங்க கேக்கிற கேள்வியெல்லாம் அங்க ஒங்கள கேட்ட மாதிரியேதான் இருக்கு" என்று அவரிடம் சொன்னாளாம். அவர் சிரித்தாராம்.

போன வருடம் ஆடி மாதம் அப்பா காலமானார். நெஞ்சுவலி என்று பதுளைக்குக் கொண்டுபோனோம்; மறுநாள் காலையில் போய்விட்டார். தங்கைக்குச் சொன்னேன். அவள் உடனே புறப்படத்தான் நின்றாள். ஆனால் அவளுடைய கடவுச்சீட்டு விண்ணப்பத்தோடு அலுவலகத்தில் இருந்தது. அதைத் திரும்ப வாங்கினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். இங்கே வந்துவிட்டால் மறுபடி போக அனுமதி கிடைக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"என்னக்கா செய்ய?" என்று கேட்டாள். அழுகைக்கு நடுவில் அந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. "ஒம் புருஷன்கிட்ட கேளு" என்றேன்.

அவள் வரவில்லை. அடக்கத்தின்போது நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவள் பார்த்தாள். மழை. சிக்னல் விட்டு விட்டு வந்தது. பெட்டியை மூடும் நேரத்தில் போன் அறுந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தம்பி குடையைப் பிடிக்க, மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். கிடைத்தபோது நாங்கள் மண் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் அவளுக்கு ஒரு வருட அனுமதி கிடைத்தது. கடவுச்சீட்டும் கைக்கு வந்துவிட்டது. அப்பாவின் முப்பத்தொன்றாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கலாம்; அதுவும் முடிந்துபோயிருந்தது. குழந்தையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். எனக்குப் பாடசாலை விடுமுறை வரும்போது போய்ப் பார்த்துவிட்டு வர விசாவுக்குப் போட்டிருக்கிறேன்.