அருவி பார்க்கப் போன குத்தகைக்காரர்

திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் ஒரு கதை பதினெட்டு வருஷமாக உலவுகிறது. கோவிந்தராசு என்ற குத்தகைக்காரர் குடும்பத்தோடு குற்றாலம் போய் அருவியில் தலையைக் கொடுத்தார், தலை ஈரம் காய்வதற்குள் ஊரில் நிலம் போய்விட்டது என்பது அந்தக் கதை. பூதலூர் ரயிலடியில் விசாரித்தால், நிலத்தை விட்டுக்கொடுத்த காசில்தான் அவர் குற்றாலத்துக்கே போனார் என்கிறார்கள். வலங்கைமான் பக்கம் போனால் கதையில் ஒரு குரங்கு சேர்ந்துகொள்கிறது. அது அவருடைய பத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டதாம். காவிரித் தண்ணீர் கிழக்கே போகப் போகக் குறையும். வதந்திக்கு அந்த விதி கிடையாது.

குரங்கை விட்டுவிடலாம். கோவிந்தராசுவிடம் பத்திரம் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. உறுத்துவது வேறு. குறுவைக்குத் தண்ணீர் வருகிற ஆனி மாதத்தில் இந்தப் பக்கத்து விவசாயி ஊரை விட்டு நகர்வானா? சம்பந்தி வீட்டில் சாவு விழுந்தாலும் மடைக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் துண்டை எடுத்துத் தோளில் போடுவான். அப்படிப்பட்டவன் மனைவி மக்களோடு அருவி பார்க்கக் கிளம்பினான் என்றால் வதந்தி பொய்யாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும். எது என்று தெரிந்துகொள்ளத்தான் கோவிந்தராசுவைத் தேடிப் போனது.

இப்போது அறுபத்திரண்டு வயது. போன அன்று தினக்கூலிக்கு வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். அதே வயல்தான், கதையில் வருகிற வயல்.

"அருவி சமாச்சாரமா? கரையில உக்காருங்க. இந்த வரப்பை முடிச்சிட்டு வர்றேன்" என்றார். வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்ல வருகிறவர் மாதிரி நிதானமாக வந்து உட்கார்ந்தார்.

ஒன்பது மா நிலம், ஏக்கர் கணக்கில் மூன்று. மிராசுதார் துரைராசுவின் குடும்பச் சொத்து. கோவிந்தராசுவின் தாத்தா காலத்திலிருந்து குத்தகை. எல்லாம் வாய்ப்பேச்சு. அறுவடை முடிந்ததும் களத்திலேயே நெல்லை அளந்து மிராசுதார் வண்டியில் ஏற்றிவிட வேண்டும். ரசீது கேட்பது, திருநீறு கொடுத்த சாமியிடம் விலாசம் கேட்பது மாதிரி. பத்து வயதில் ஏர் பிடித்தார் கோவிந்தராசு. இருபத்துநான்கில் ராமாயியைக் கட்டினார். கல்யாணத்துக்கு மறுநாள் நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டதால் மாமனார் வீட்டு விருந்து தவறிப்போனது. அந்தக் குறையை ராமாயி இன்றைக்கும் யார் வந்தாலும் சொல்கிறார். நாற்பத்துநாலு வயது வரைக்கும் கோவிந்தராசு பார்த்த தூரதேசம் தஞ்சாவூர். அதுவும் உர மூட்டைக்காக.

அப்போது சட்டம் வந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பெயரை அரசாங்க ஏட்டில் எழுத வேண்டும், எழுதிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது என்ற சட்டம். மேடைக்கு மேடை கைதட்டல். பல ஊர்களில் சட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் அடியாள் வந்து சேர்ந்தான். அறுவடை வயலில் அரிவாளோடு அரிவாள் மோதியது. வரப்பில் போலீஸ் லாரி நின்றது.

துரைராசு அந்த ரகம் இல்லை. தேர்தல் முடிவு வந்த மறுநாள் காலையிலேயே அவர் வேட்டிக்கரை மாறியிருந்தது. வாசலில் நின்ற பழைய கட்சிக் கொடிக்கம்பத்தை வெட்டவில்லை, கொடியை மட்டும் மாற்றினார். நல்ல தேக்கு மரம், வீணாக்குவானேன்? உழுகிறவனுக்கு உரிமை வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் அவரே பேசினார். கோவிந்தராசு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார், கையும் தட்டினார்.

அந்த வருஷம் மேட்டூர் திறப்பு தள்ளிப்போனது. தண்ணீர் வந்து சேர இன்னும் பத்து நாளாவது ஆகும் என்று பேச்சு. அந்தச் சமயம் பார்த்துத் துரைராசு, மூன்று தலைமுறையாக எட்டிப் பார்க்காத வீட்டுக்கு நடந்து வந்தார். உழைத்து உழைத்து ஓடாகிப் போன குடும்பம், ஒரு நாள் கிழமை கண்டதில்லை, குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது, நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள் என்றார். போகவர ரயில் டிக்கெட், தங்கத் தெரிந்த சத்திரம், ராமாயிக்கு ஒரு சேலை.

"ஐயா கையால சேலையா, எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. அந்தக் கலங்குன கண்ணோடதான் மண்வெட்டியக் குடுத்தேன்" என்றார் கோவிந்தராசு.

மண்வெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போகிறவன் தன் மண்வெட்டியை யார் கையில் கொடுக்கிறானோ, திரும்பி வரும்வரை அந்த வயலுக்கு அவன்தான் ஆள். மடை திறப்பது, அடைப்பது, முறைத்தண்ணீருக்காகப் பக்கத்து வயல்காரனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் அவன் பொறுப்பு. தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருக்கிற மண்வெட்டியைப் பார்த்தே ஊர் புரிந்துகொள்ளும். மைத்துனனிடமோ பங்காளியிடமோ கொடுத்துவிட்டுப் போவார்கள். துரைராசு, நம்ம ரெத்தினம் சும்மாதானே இருக்கான், தண்ணீர் முந்திக்கொண்டால் அவன் பார்த்துக்கொள்வான் என்றார். ரெத்தினம் அவருடைய பண்ணையாள். சேலை வாங்கிக்கொண்ட வீட்டில் இதை மறுப்பது எப்படி? மண்வெட்டி கைமாறியது.

அருவி தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. படுத்துக்கொண்டு போகிற தண்ணீரையே பார்த்து வளர்ந்தவர்கள், நின்றுகொண்டு விழுகிற தண்ணீரைப் பார்த்து மலைத்துப் போனார்கள். ராமாயி பெண்கள் பக்கத்துக்குள் போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. பிள்ளைகள் இரண்டும் உதடு நீலம் பாய்ந்து நின்றார்கள். கோவிந்தராசு மட்டும், எண்ணெய் தேய்த்துவிடுகிறவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, இந்தத் தண்ணீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது, எத்தனை ஏக்கர் பாய்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவன் எண்ணெயை இன்னும் அழுத்தித் தேய்த்தான்.

இரண்டாம் நாள் காலையில் மிருகத் தோட்டம். ஊருக்கு வெளியே யாரோ ஒருவர் கம்பி வேலி போட்டு, வாசலில் சீட்டுக் கிழித்துக்கொண்டு நடத்தியது. இரண்டு மான், ஒரு முள்ளம்பன்றி, தோகை உதிர்ந்த மயில், பெட்டிக்குள் அசையாத ஒரு மலைப்பாம்பு. மிருகங்களுக்குத் தீனி போடக்கூடாது என்று பலகை இருந்தது. பலகைக்குக் கீழேயே கீரைக்கட்டு விற்றார்கள்.

முள்ளம்பன்றிக் கூண்டுக்கு முன்னால் திருக்காட்டுப்பள்ளி மீரா உசேன் நின்றுகொண்டிருந்தார். மளிகைக் கடைக்காரர், நெல்லும் வாங்குவார். கோவிந்தராசுவின் நெல்லைப் பன்னிரண்டு வருஷமாக வாங்குகிறவர். மனைவி கமருன்னிஸாவோடு வாடகைக் காரில் முந்தின நாள் சாயங்காலம்தான் வந்து இறங்கியிருந்தார். ஊர்க்காரரை வெளியூரில் பார்த்த சந்தோஷத்தில் கோவிந்தராசு பெரிய கும்பிடாகப் போட்டார். மீரா உசேன் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"என்னாங்க கோவிந்தராசு, இங்க நிக்கிறீங்க? இன்னைக்கு உங்க ஊருச் சாவடில குத்தகை விசாரணையில்ல?"

அவர் கடைச் சுவரில் முந்தின நாள் விடியற்காலை நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அவருடைய சீயக்காய் விளம்பரத்தின் மேலேயே ஒட்டியதால் கோபத்தோடு ஒரு வரி விடாமல் படித்திருந்தார். ஊரில் தமுக்கும் அடித்தார்களாம், கோவிந்தராசு ரயிலேறிய மறுநாள்.

கோவிந்தராசு நம்பவில்லை. ஐயா அப்படிச் செய்கிறவர் இல்லை, உரிமை வேண்டும் என்று கூட்டத்தில் பேசியவர், சேலை எடுத்துக் கொடுத்தவர் என்று வரிசையாகச் சொன்னார். நோட்டீஸ் வேறு ஊருக்காக இருக்கும் என்றார். தேதி தப்பாக இருக்கும் என்றார். மீரா உசேன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க. மடைய யாருகிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

"ரெத்தினத்துக்கிட்ட."

"மண்வெட்டி?"

கோவிந்தராசு கூண்டுக் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். உள்ளே முள்ளம்பன்றி எழுந்து மறுபக்கம் போனது. ராமாயிக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. விளங்கியதும் பிள்ளைகள் கையிலிருந்த கீரைக்கட்டை வாங்கி, ஏனோ தன் மடியில் முடிந்துகொண்டார்.

காரைத் திருப்பச் சொன்னது கமருன்னிஸா. புருஷன் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் போய்க் கதவைத் திறந்து பின்சீட்டில் ராமாயிக்கு இடம் விட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். டிரைவரோடு ஏழு பேர். கோவில்பட்டி தாண்டி ரேடியேட்டர் கொதித்து ஒரு மணி நேரம் நின்றது. கோவிந்தராசு நிழலுக்குப் போகாமல் வண்டியின் மூக்கைப் பார்த்துக்கொண்டே வெயிலில் நின்றார். மதுரையில் ரயில்வே கேட் ஒன்று அரை மணி நேரத்தை விழுங்கியது. பிள்ளைகள் பசி என்று அழவில்லை. அதுதான் தன்னை அதிகம் பயமுறுத்தியது என்றார் ராமாயி.

ஆற்றங்கரைச் சாலையில் ஏறியபோது மணி ஆறு. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பத்து நாள் கழித்து வர வேண்டிய தண்ணீர், அன்று காலையே வந்திருந்தது. எதிரே, விசாரணை முடித்துத் திரும்புகிற அரசாங்க ஜீப். டிரைவர் காரைக் குறுக்கே நிறுத்தினார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. நாள் முழுக்க வயல் வயலாக நடந்து செருப்பில் சேறு அப்பியிருந்தது. கோவிந்தராசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னென்னவோ சொன்னார். அவர் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அதிகாரி சொன்னார்:

"நான் ஒவ்வொருத்தரையும் கேட்டேன்ய்யா, வயல்ல நிக்கிறது யாருன்னு. ரெத்தினம்னாங்க. மண்வெட்டி அவன் கையிலதான் இருக்குன்னாங்க. நானே போய்ப் பார்த்தேன், அவன்தான் மடை திறந்துகிட்டு இருந்தான். அவன் யாரு ஆளுன்னு கேட்டா மிராசுதாரோட ஆளுன்னான். நான் என்னாத்தை எழுதுறது?"

'சொந்தச் சாகுபடி' என்று துரைராசுவின் பெயரிலேயே எழுதியாகிவிட்டது. ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. சாதாரண நாளில் ஒரு பொய்ச்சாட்சிக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் வெற்றிலையும் செலவாகும். துரைராசுவுக்கு அன்று வெற்றிலைச் செலவுகூட இல்லை. ராமாயி அந்தப் புதுச்சேலையோடு ஜீப்புக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தார். அதிகாரி, எழுந்திருங்கம்மா, ஒரு மாசத்துக்குள் ஆட்சேபம் கொடுங்கள், சாட்சியோடு வாருங்கள் என்று சொல்லிவிட்டு, ஜீப்பைப் பின்னால் எடுத்து வேறு வழியாகப் போனார்.

அந்த ஒரு மாசம் கோவிந்தராசு வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். பக்கத்து வயல்காரர் கண்ணீர் விட்டே சொன்னாராம்: "நீதான் உழுதே, யாரு இல்லங்கிறா? ஆனா அன்னைக்கு ரெத்தினம்னு சொல்லிட்டனே. இப்ப மாத்திச் சொன்னா என்னை யாரு நம்புவா?" அந்தப் பக்கத்து வயல்காரரும் குத்தகைக்காரர்தான், அவர் பெயர் ஏட்டில் ஏறுவதும் துரைராசுவின் தயவில் இருந்தது. மீரா உசேன் மட்டும் விசாரணைக்கு வந்து, பன்னிரண்டு வருஷமாக இவர் நெல்லை வாங்குகிறேன் என்றார். நெல் வாங்கினீர்கள் சரி, அது எந்த வயலில் விளைந்தது என்று பார்த்தீர்களா என்று கேட்டார்கள். அவர் பார்த்ததில்லை. ஆட்சேபம் தள்ளுபடியானது. தஞ்சாவூரில் அப்பீல் போட்டார். அப்பீலுக்கு வாய்தா, வாய்தாவுக்கு வாய்தா. துரைராசு செத்துப் போய்விட்டார், வழக்கு உயிரோடு இருக்கிறது. அந்த ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்று மாதமும் வீட்டிலிருந்த பூச்சிமருந்து டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்ததாக ராமாயி சொன்னார்.

ரெத்தினம் மறுநாள் காலையிலேயே மண்வெட்டியைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் சாத்திவிட்டுப் போனார். அவருக்கும் ஒரு குழி நிலம் கிடைக்கவில்லை. இன்றைக்கு இரண்டு பேருக்கும் அதே வயலில், ஒரே கூலி. பேசிக்கொள்வீர்களா என்று கேட்டதற்கு, "பேசாம என்னா? தண்ணி எப்ப வரும்னுதான்" என்றார் கோவிந்தராசு.

ஆக, வதந்தி பாதி மெய். அருவியில் தலையைக் கொடுத்ததும் நிலம் போனதும் உண்மை. புத்தி பிசகவில்லை. ஒரு மனிதரிடம் முதல் தடவையாக யாரோ அன்பாக நடந்துகொண்டார்கள், அவருக்கு அதைச் சோதித்துப் பார்த்துப் பழக்கமில்லை.

கார் விஷயத்தைச் சரிபார்க்க நான் மீரா உசேன் கடைக்குப் போனபோது அவர் தொழுகைக்குப் போயிருந்தார். கல்லாவில் கமருன்னிஸா இருந்தார். கோவில்பட்டியையும் ரேடியேட்டரையும் அவரும் சொன்னார். பிறகு, கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து அதுதான் அவருடைய முதல் வெளியூர்ப் பயணம். பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போனது. காலையில் மிருகங்களைப் பார்த்துவிட்டு அருவிக்குப் போவதாக ஏற்பாடு. மாற்றுத்துணி, எண்ணெய் எல்லாம் பையில் மடித்தது மடித்தபடியே திரும்பி வந்தது.

"வண்டி நின்ன எடத்துல கோவிந்தராசு அண்ணன் சொன்னாரு. தங்கச்சி, உங்க குளியலைக் கெடுத்துட்டேன், நெலம் எம்பேருக்கு ஆவட்டும், மொத அறுப்பு முடிஞ்சதும் நானே கூட்டிட்டுப் போயி அருவியக் காட்டுறேன்னு. இன்னும் பாக்கிதான்."

இத்தனை வருஷத்தில் கணவர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். கமருன்னிஸா போகவில்லை. ஏன் என்றதற்கு, ஒருவருக்குச் சர்க்கரை நிறுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டுச் சொன்னார்:

"நான் பாட்டுக்குப் போயிட்டு வந்துட்டா, அந்த நெலம் வராதுன்னு நானே முடிவு கட்டுன மாதிரி ஆயிடாதா? அடுத்த வாய்தா என்னைக்கின்னு சொன்னாரா?"

ஐப்பசியில் என்று சொன்னேன்.

"ஐப்பசில அருவியில தண்ணி இருக்குமுங்களா?" என்று கேட்டார்.