சூட்டில் கழன்ற உலோகம்

இறாலின் மேலோடான கோதை வைத்து டொக்டர் பட்டம் வாங்கப்போகிறவள் என்று மெல்பேர்ன் டண்டினோங் தமிழ்ச் சனத்துக்குள் சிவசோதிக்கு ஒரு பெயர் இருந்தது. பிறந்தநாள் விருந்துகளில் அவள் வந்து உட்கார்ந்தால் போதும், யாராவது தொடங்கிவிடுவார்கள்.

"சோதியக்கா, இறாலை நாங்கள் தின்னுறம். கோதை உங்களுக்கு எடுத்து வைக்கட்டோ?"

"வையுங்கோ. உங்கட மண்டையையும் பக்கத்தில வையுங்கோ, அதுவும் வெறுங்கோதுதானே."

மேசையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஆனால் நாற்பத்துநாலு வயதில் மாணவியாக இருப்பது அவளுக்குச் சிரிப்பான காரியமாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்த கையோடு இடம்பெயர்வு, முகாம், கலியாணம், கடல் கடந்த வாழ்க்கை என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்த நாளில் கணவர் வரதராஜாதான் சொன்னார்: "நீ படி. நான் உழைக்கிறன்." அன்றிலிருந்து மூராபின் பக்கம் பாண் சுடும் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் நின்றே வேலை செய்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது. இனி நிற்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லி இரண்டு மாதம். சோதிக்கு வேலை கிடைத்ததும் விட்டுவிடுகிறேன் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அந்த வேலை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

இறால் கோதிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தூளைக் கரைத்து, ஊசியால் துளித்துளியாகக் காரக் கரைசலில் விட்டால், சவ்வரிசி போல மணிகள் திரளும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடி துளைகள். அப்படியே அடுப்பில் காயவைத்தால் துளைகள் இடிந்து, மணி கல்லாகிவிடும். நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மதுசாரத்தால் மாற்றி, பிறகு அதிக அழுத்தமுள்ள வாயுவில் உலர்த்த வேண்டும். அந்தத் துளைகளுக்குள் பலேடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தைக் குடியேற்றுவதுதான் சிவசோதியின் ஆராய்ச்சி. மருந்துக்கான மூலக்கூறுகளை இணைத்துவைக்கும் வினையூக்கி அது. வேலை முடிந்ததும் மணிகளை வடித்தெடுத்து மறுபடி பாவிக்கலாம். உலோகம் மணியை விட்டு அசையவே அசையாது என்று அவள் எழுதிய கட்டுரையை ஒரு பெரிய சஞ்சிகை ஏற்றுக்கொண்டிருந்தது. அதை நம்பி, பேராசிரியர் ஹெலன் அவளுக்கு ஆய்வாளர் பதவி ஒன்றை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

2012 ஆம் ஆண்டு, குளிர்கால வெள்ளிக்கிழமை. பக்கத்து மேசை நாகராஜன், மதுரையிலிருந்து வந்த ஆராய்ச்சியாளன், அவளது உரைக்கான படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, உலோகம் கழலலைன்னு காட்ட, பாதியில மணிய வடிகட்டி எடுத்தீங்கல்ல? அதுக்கப்புறம் வினை நின்னுபோச்சு. சூப்பர். கொதிக்கக் கொதிக்கத்தானே வடிச்சீங்க?"

"இல்லைத் தம்பி. ஆற விட்டுத்தான்."

நாகராஜனின் கை சுட்டியில் அப்படியே நின்றது.

"ஏன்க்கா ஆற விட்டீங்க?"

ஏன்? அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. அவள் யோசித்து ஆறவிடவில்லை. அவளது கைகள் ஆறவிட்டிருந்தன. போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் படித்தவள் அவள். சூடான திரவம் குளிர்ந்த புனலில் பட்டுக் கண்ணாடி வெடித்தால், அதற்குப் பதில் இன்னொன்று யாழ்ப்பாணத்துக்கு வராது. ஆறவிட்டு ஊற்று என்று அந்த நாளில் பழகிய கை, சாமான் குவிந்து கிடந்த கிளேட்டனிலும் அப்படியே ஆறவிட்டது.

"சூட்டுல உலோகம் வெளிய வந்து வேலை செஞ்சிட்டு, ஆறுனதும் திரும்ப மணியிலயே போய் ஒட்டிக்கிட்டிருந்தா?" நாகராஜன் மெதுவாகச் சொன்னான். "ஆறினப்புறம் வடிச்சா ஒண்ணுமே தெரியாதேக்கா."

சிவசோதி கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, கட்டுரை அச்சுக்குப் போகப்போகுது. யாரும் கேக்கல. நானும் கேக்கலன்னு வச்சுக்கோங்க."

நல்ல மனதோடுதான் சொன்னான். அதனால்தான் அது அவளை அப்படி வருத்தியது.

திங்கட்கிழமை காலையில் சோதனையை மறுபடி செய்தாள். இந்தமுறை புனலையும் குடுவையையும் முதலே சூடாக்கினாள். கொதிநிலையிலேயே வடித்தாள். கண்ணாடி வெடிக்கவில்லை. மணிகள் மேலே தங்கின, கீழே தெளிந்த திரவம். அதில் ஒரு மணி கூட இல்லை. அதைத் திரும்பச் சூட்டில் வைத்து, இடையிடையே மாதிரி எடுத்துக் கருவியில் பார்த்தாள். வினை நிற்கவில்லை. நின்றிருக்க வேண்டிய வினை, மணிகள் இல்லாமலே, ஒன்றும் நடவாதது போல முன்னேறிக்கொண்டிருந்தது.

பலேடியம் சூட்டில் வீட்டை விட்டு ஓடியிருந்தது. ஆறிய பிறகு ஒருவருக்கும் தெரியாமல் திரும்பி வந்து குந்தியிருந்தது. ஊரை விட்டு ஓடிய வாழ்க்கையை அறிந்த சிவசோதிக்கு இதுவா புரியாமல் போகும்! மருந்துத் தொழிற்சாலையில் திரவம் சூடாகவே குழாய்களில் ஓடும். அங்கே உலோகம் திரும்பி வராது. மருந்தோடு போய்விடும்.

அவள் நேரே பேராசிரியரிடம் போனாள். ஹெலன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். அது இல்லாமல் அந்தப் பதவிக்கு உன்னைப் பரிந்துரைக்க என்னால் முடியாது, சோதி. மன்னித்துக்கொள்."

"தெரியும்," என்றாள் சிவசோதி.

வீட்டுக்கு வந்தபோது வரதராஜா பின்னேர வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். குசினி வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் முழங்கால் பட்டியைக் கட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ஆர் கண்டுபிடிச்சது?"

"பக்கத்து மேசைத் தம்பி ஒரு கேள்வி கேட்டவர். அவர் வெளியில சொல்லமாட்டார்."

"அப்ப நீயாத்தான் போய்ச் சொன்னனியோ? பைத்தியமே உனக்கு? இன்னும் எத்தினை வருசம் நான் நிக்கிறது, சோதி? என்ர காலைப் பார்!"

அவள் பார்த்தாள். வீங்கி மினுங்கிக்கொண்டிருந்தது.

"அந்த உலோகம் மருந்தில போகுமப்பா. ஆரோ குடிக்கிற மருந்தில."

"எனக்காவது சொல்லாமல் விட்டிருக்கலாமே."

"உங்களுக்குச் சொல்லாமல் நான் ஆருக்குச் சொல்லுறது?"

அவர் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போனார். கார் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டது, ஆனால் போகிற சத்தம் கேட்கவில்லை. ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வரதராஜா குலுங்கிக்கொண்டிருந்தார். கலியாணமாகி இத்தனை காலத்தில் அவர் அழுது அவள் கண்டதில்லை.

சிவசோதி வெளியே வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

"வேலைக்குப் பிந்துது. இறங்கு," என்றார் கொஞ்சம் கழித்து.

அவள் இறங்கவில்லை.

வரதராஜா முகத்தைச் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தார்.

"அந்த உலோகத்தைக் கழலாமல் பிடிச்சு வைக்க வழி இருக்கோ?"

"இருக்கலாம். மணிக்குள்ள வேற ஒரு பிடி போட்டுப் பார்க்கலாம். எவ்வளவு காலம் பிடிக்குமெண்டு தெரியாது."

"சரி, பெல்ட்டைப் போடு," என்றார் அவர், காரைப் பின்னுக்கு எடுத்தபடி. "கிளேட்டனில இறக்கிவிட்டுட்டுப் போறன். செய்யிறதெண்டால் இண்டைக்கே துவங்கு."