துரு புடிச்சுச்சா?

சாயங்காலம் அரிமளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் என் வீட்டுக்காரர் கேட்பது ஒன்றுதான். "என்ன, இன்னைக்காவது துரு புடிச்சுச்சா?" கேலிதான். ஆனால் வருஷக்கணக்கில் அதே கேலியைக் கேட்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அது வெறும் துரு இல்லை என்று விளக்கி விளக்கி எனக்கே அலுத்துவிட்டது.

இரும்பும் நிக்கலும் கலந்த சின்னத் துண்டுகளைப் புதுக்கோட்டையில் எங்கள் கல்லூரி உலையில் பழுக்க வைப்பேன். அந்தச் சூட்டில் இரும்பு மேலே ஏறி வந்து காற்றோடு சேர்ந்து கறுப்பாகப் படியும், புண்ணில் பக்கு கட்டுவது மாதிரி. நிக்கல் அடியிலேயே தங்கிவிடும். அந்தப் பக்கு எப்படி வளர்கிறது என்பதுதான் என் தீசிஸ். சட்டென்று ஆறினால் பக்கு வெடித்து உதிர்ந்துவிடும். கரண்ட் போனால் உலை ஆறும். போச்சு, மறுபடி முதலிலிருந்து! எத்தனை தடவை போச்சு என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஒருவழியாக, பக்கு உதிராமல் ஒரு தட்டுத் துண்டுகள் தேறின. திருச்சிக்குக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பாக்கி. தீசிஸ் கொடுக்க எனக்குத் தந்திருந்த கடைசி நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. பார்த்துப் பார்த்து அந்த நேரத்திலா காய்ச்சல் வர வேண்டும்?

ஒரு நாள் படுத்துவிட்டு மறுநாள் போனால், லேபில் ஆயுத பூஜை. உலைக்குச் சந்தனம், மாலை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் என் தட்டு. துண்டுகள் பளபளவென்று மின்னின. ஒவ்வொன்றிலும் ஒரு குங்குமப் பொட்டு.

"நேத்து பூரா உக்காந்து உப்புத்தாள் போட்டுத் தேச்சேங்க," என்றார் லேபைக் கூட்டித் துடைக்கும் அக்கா. "என்னா அழுக்கு! அப்படியேவா சாமிக்கு முன்னாடி வைக்கிறது?"

திட்டத்தான் வாயெடுத்தேன். அந்த அக்காவின் விரல்நுனிகள் தேய்ந்து சிவந்திருந்தன. தட்டை எடுக்கப் போனேன்.

"ஆத்தாடி! சாமிக்கு வச்சத இன்னைக்கு எடுக்கக் கூடாதுங்க. அதுகளும் ஓயட்டும். நீங்களும் வீட்டுக்குப் போயிப் படுங்க, மூஞ்சியே சரியில்ல." கை நிறையப் பொரிகடலை அள்ளித் தந்தார். இத்தனை வருஷத்தில் என்னைப் போய்ப் படு என்று சொன்ன ஒரே ஆள். அவர் மேலா கோபப்படுவது? எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டில் வழக்கமான கேள்வி. "துரு புடிச்சுச்சா?"

"புடிச்சுச்சுங்க. சுரண்டிட்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. "திரும்பப் புடிக்க வைக்க நாள் இருக்கா?"

"இல்ல," என்றேன். பொரியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்தேன்.